தங்கத் தாத்தா

எங்கள் வீட்டில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். உம்மாவின் ஊர் மாவனல்லைப் பக்கம். கல்யாணம் முடித்து மூதூருக்கு வந்தபோது அவர் கூடவே கொண்டுவந்த சொற்களில் அதுவும் ஒன்று. அயலில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் ராத்தா என்பார்கள், நாங்கள் மட்டும் தாத்தா என்போம். ஆகவே, தங்கத் தாத்தா என்று ஒருவர் பிள்ளைகளுக்குப் பாட்டெழுதினார் என்று முதன்முதல் கேள்விப்பட்டபோது, கை நிறையத் தங்கக் காப்புப் போட்ட ஒரு பெரிய ராத்தாவைத்தான் நான் நினைத்துக்கொண்டேன். அவர் ஓர் ஆண், யாழ்ப்பாணத்து நவாலியைச் சேர்ந்தவர், நான் பிறப்பதற்கு நாற்பத்திரண்டு வருடங்களுக்கு முன்னரே காலமாகிவிட்டவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

கல்லூரி மலருக்குப் பெரியார் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி பழைய மாணவி என்ற முறையில் என்னிடம் கேட்டார்கள். விஞ்ஞானிகளையும் தலைவர்களையும் பற்றி எழுதுவதற்குப் பலர் இருக்கிறார்கள். நான் நவாலியூர் க. சோமசுந்தரப் புலவரை எடுத்துக்கொண்டேன். அவருக்கு நான் ஒரு கடன் பட்டிருக்கிறேன். அந்தக் கடன் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றது விளங்கும்.

2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் சண்டை மூதூருக்குள் வந்தது. எனக்கு அப்போது பதினொரு வயது. ஊரே எழுந்து நடந்தது. நடந்த தூரத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. என் வயதையொத்த தாய்மார் பலருக்கு அது தெரியும், தெரியாத பிள்ளைகள் வீட்டில் கேட்டுக்கொள்ளலாம். கடைசியில் கந்தளாயில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் எங்களை இருத்தினார்கள். ஒரு வகுப்பறைக்குள் பல குடும்பங்கள். வாங்குகளை அடுக்கி, சாரத்தையும் சீலையையும் மறைப்பாகக் கட்டிக்கொண்டு இருந்தோம். கரும்பலகையில் யாரோ எழுதிய கணக்கு அப்படியே அழியாமல் இருந்தது. பாடசாலைக்குள்ளேயே வசித்தோம், ஆனால் எங்களுக்குப் பாடசாலை இருக்கவில்லை.

எங்களைப் போலவே இடம்பெயர்ந்து வந்திருந்த ஓர் இளம் ஆசிரியை அஸர் தொழுகைக்குப் பிறகு பிள்ளைகளைக் கூட்டி மரத்தடியில் இருத்துவார். அவரிடம் ஒரு புத்தகமும் இல்லை. வெளிக்கிட்ட அவசரத்தில் யார் புத்தகம் எடுத்தார்கள்? மனப்பாடமாக இருந்தவற்றைச் சொல்லித் தந்தார். வாய்ப்பாடு, சூறாக்கள், பிறகு பாட்டு. ஒருநாள் அவர் சொல்லித் தந்தது கத்தரித் தோட்டத்து வெருளியைப் பற்றிய பாட்டு.

வெருளியை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். பழைய சட்டை, வைக்கோல் வயிறு, சட்டித் தலை. புலவர் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தோட்டத்தின் நடுவில் நிற்கும் காவற்காரனாக வைத்து, மரியாதையோடு அதனுடன் கதைக்கிறார். வெயிலிலும் மழையிலும் அசையாமல் நின்று, கூலி எதுவும் வாங்காமல், இவ்வளவு கவனமாக வேலை செய்கிற வேறு ஆள் யார் என்று அதனிடமே விசாரிக்கிறார். கேட்கக் கேட்கப் பிள்ளைகளுக்குச் சிரிப்பு. இடம்பெயர்ந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். ஆனால் சிரித்து முடிந்ததும் எனக்கு எங்கள் வளவு ஞாபகம் வந்தது. வாப்பா கிணற்றடியில் கத்தரியும் வெண்டியும் போட்டிருந்தார். அதன் நடுவில் தன்னுடைய பழைய நீலச் சட்டையை மாட்டி ஒரு வெருளி நிறுத்தியிருந்தார். நாங்கள் எல்லோரும் வந்துவிட்டோம், அவன் மட்டும் அங்கே நிற்கிறான் என்று நினைத்தேன். வீட்டுக்குக் காவல் இருக்கிறது என்று ஓர் ஆறுதல். பதினொரு வயதில் ஆறுதலுக்கு அவ்வளவு போதும்.

திரும்பிப் போனபோது வெருளி நின்றான். சட்டையைத்தான் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வாப்பா கோபிக்கவில்லை. எடுத்தவனுக்கு எங்களைவிட அவசரம் இருந்திருக்கும் என்று சொல்லிவிட்டு, வேறொரு சட்டையைத் தேடப் போனார்.

இதுதான் கடன். இனிப் புலவரிடம் வருகிறேன்.

சோமசுந்தரப் புலவர் 1878ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் திகதி நவாலியில் பிறந்தார். தந்தையார் கதிர்காமர், தாயார் இலக்குமிப்பிள்ளை. நவாலி மானிப்பாய்க்குப் பக்கத்துக் கிராமம். பனையும் வயலும் உள்ள ஊர். மழைக்காலத்தில் மட்டும் ஓடுகிற வழுக்கையாறு அந்தப் பக்கத்து வயல்களின் ஊடாகத்தான் கடலுக்குப் போகிறது. ஆறுமுக நாவலர் மறைந்தபோது இவர் ஒன்றரை வயதுக் குழந்தை. அன்றைய யாழ்ப்பாணத்தில் ஒரு பக்கம் மிஷன் பாடசாலைகள், இன்னொரு பக்கம் திண்ணைப் பள்ளிகள். தமிழ் படிக்கிற பிள்ளை ஆத்திசூடியில் தொடங்கி நிகண்டு வரை மனனம் செய்ய வேண்டும். பொருள் விளங்குவது பிறகு, சில வேளை பல வருடங்களுக்குப் பிறகு. நாவலர் எழுதிய பாலபாடங்கள் வசனநடையில் பெரிய உதவியாக வந்தன. ஆனாலும் சின்னப் பிள்ளை துள்ளிக்கொண்டு பாடுவதற்கென்று எழுதப்பட்டவை மிகக் குறைவு. தாய்மாரின் தாலாட்டும் விளையாட்டுப் பாட்டும் இருந்தன, ஆனால் அவை புத்தகத்துக்குள் வரவில்லை.

இன்று வட்டுக்கோட்டை இந்துக் கல்லூரி என்று அறியப்படும் பாடசாலையில் புலவர் தமிழாசிரியராக ஏறத்தாழ நாற்பது வருடம் படிப்பித்தார். அவர் பெரிய பதவிகளைத் தேடிப் போனவரல்லர். பிறந்த ஊர், படிப்பித்த ஊர், இரண்டுக்கும் இடையில் சில மைல்கள். வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்களுக்கு இப்படியானவர்கள் கஷ்டம் கொடுப்பார்கள். கப்பலேறவில்லை, சிறை போகவில்லை, தேர்தலில் நிற்கவில்லை. பாடினார், படிப்பித்தார். பாடியவை பதினையாயிரத்துக்கு மேல் என்பார்கள்.

அவற்றில் பெரும்பகுதி சைவ சமயப் பாடல்கள். அட்டகிரி முருகன் மேல் பதிகம், நல்லூர் மேல் அந்தாதி, கதிர்காமத்தின் மேல் சிலேடை வெண்பா என்று போகும். அவை நம்முடைய பாதை அல்ல. ஆனால் தமிழ் படிக்கிற மாணவியர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிலேடை வெண்பா என்பது ஒரே சொற்றொடருக்குள் இரண்டு பொருளை அடக்கும் வித்தை. இலக்கணமும் அகராதியும் விரல்நுனியில் இருந்தால்தான் முடியும். அந்த வித்தை கைவந்த ஒருவர்தான் ஐந்து வயதுப் பிள்ளையின் வாய்க்கு ஏற்றபடி வெருளியைப் பற்றியும் எலியையும் சேவலையும் பற்றியும் எழுதினார். ஒரு சொல்லில் இரண்டு பொருள் வைக்கத் தெரிந்தவர், இந்தப் பிள்ளைக்கு ஒரு பொருள் போதும் என்று நிறுத்திக்கொள்வது லேசான காரியமில்லை. பாட்டெழுதிப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். நானும் என் மகளுக்காக இரண்டு வரி எழுதிப் பார்த்துக் கைவிட்டவள்.

1930களில் யாழ்ப்பாணத்து ஆசிரியர்களிடையே பிள்ளைகளின் வயதுக்கேற்ற பாட்டுகள் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1935இல் வட இலங்கைத் தமிழாசிரியர் சங்கம் பிள்ளைப்பாட்டு என்ற தொகுதியை வெளியிட்டது. ஈழத்துச் சிறுவர் இலக்கியத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த நூலைத் தவறாமல் குறிப்பிடுவார்கள். சோமசுந்தரப் புலவரின் பாட்டுகளும் அதில் இடம்பெற்றன. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தேழு. தமிழ்நாட்டில் பாரதியார் பாப்பாப் பாட்டை எழுதி இருபது வருடமாகிவிட்டது. புலவரைவிட இரண்டு வயது மூத்தவரான கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் அங்கே பிள்ளைகளுக்காகப் பாடிக்கொண்டிருந்தார். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இரண்டு கிழவர்கள், இருவரும் ஆசிரியர்கள், ஏறத்தாழ ஒரே காலத்தில் சின்னப் பிள்ளைகளின் பக்கம் திரும்பினார்கள். வகுப்பறையில் அவ்வளவு காலம் நின்றவர்களுக்குத்தான் அங்கே எது இல்லை என்று தெரிந்திருக்கும்.

புலவரின் பாட்டுகளில் எல்லோருக்கும் தெரிந்தது ஆடிப்பிறப்பு. பாடப்புத்தகத்தில் படித்து வளர்ந்த தலைமுறைகள் பல. ஆடி முதலாம் நாள் பாடசாலை விடுமுறை என்ற சந்தோஷத்துடன் ஒரு பிள்ளை தன் தோழர்களைக் கூப்பிட்டுச் சொல்வதாக அது தொடங்கும். விடுமுறைக்கு அவர் போட்ட சொல் விடுதலை. அவருடைய காலத்தில் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடுவதைத்தான் குறித்தது. பின்னர் இந்த நாட்டில் அந்தச் சொல்லின் மேல் எவ்வளவோ பாரம் ஏறிவிட்டது. நான் அந்தப் பாட்டை இப்போது படிக்கும்போதெல்லாம் அந்த இடத்தில் ஒரு கணம் நின்றுதான் போகிறேன். என் மகள் நிற்பதில்லை. அவளுக்கு அது மீண்டும் வெறும் லீவுதான். அல்ஹம்துலில்லாஹ்.

பாட்டின் மிச்சம் ஏறக்குறைய ஒரு சமையற் குறிப்பு. பச்சையரிசியை இடித்துத் தெள்ளுவது, மாவைப் பதமாக வறுப்பது, பயறு, தேங்காய், பனங்கட்டி, கொழுக்கட்டைக்கு உள்ளீடு, எல்லாம் வரும். பலாவிலையைப் பொறுக்கி வந்து மடித்துக் கோலி, அதிலே கூழை வார்த்துக் குடிப்பது வரைக்கும் ஒரு தாயின் கைவேலை முழுவதும் அதற்குள் இருக்கிறது. புலவர் அடுப்படியில் நின்று பார்த்திருக்கிறார் என்றுதான் நான் நினைக்கிறேன். பார்க்காதவரால் மாவின் பதத்தைப் பாட முடியாது. அன்றாட வீட்டுவேலையைப் பாட்டுக்குத் தகுதியானது என்று அந்தக் காலத்துப் பெரும் புலவர் ஒருவர் எண்ணியது எனக்குப் பெரிய விஷயம். நம்முடைய உம்மாமார் செய்கிற வேலையை எத்தனை பேர் அப்படிப் பார்த்திருக்கிறார்கள்?

இந்தப் பாட்டைப் பற்றி எங்கள் குடும்பத்துக்குள் ஒரு பேச்சு வந்தது. மறைப்பதற்கில்லை. என் மகள் அதைச் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், நம் பிள்ளைக்கு இது எதற்கு என்று கேட்டார். பாட்டில் விளக்கேற்றிப் படையல் வைக்கும் பகுதி ஒன்று உண்டு. அவர் கேட்டதில் பிழையில்லை. நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன். படையல் அவர்களுடையது, அதை நாம் செய்யப் போவதில்லை. அது எவருடைய வீட்டு வழக்கம் என்று என் மகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் முன்வீட்டு ஆச்சி வருடாவருடம் என்ன செய்கிறார், ஏன் அன்றைக்கு அவர் வீட்டில் பிள்ளைகளின் சத்தம் கூடுதலாக இருக்கிறது என்று என் பிள்ளை தெரிந்து வைத்திருப்பதில் எங்களுக்கு ஒரு குறையும் வராது என்றேன். அவர் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். அடுத்த முறை வந்தபோதும் அதே பேச்சுத்தான். எல்லாப் பேச்சும் ஒரு நாளில் முடிந்துவிடாது.

முன்வீட்டு ஆச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் இந்தக் கல்லூரியில் படிப்பதற்காகத்தான் எங்கள் குடும்பம் மூதூரிலிருந்து நகரத்துக்கு வந்தது. உட்துறைமுக வீதியிலிருந்து உள்ளே போகும் ஓர் ஒழுங்கையில் வாடகைக்கு வீடு. புதிய இடம். உம்மா யாருடனும் பேசமாட்டார். கந்தளாய் நாட்களுக்குப் பிறகு அவருக்கு எல்லோரிடமும் ஒரு பயம் இருந்தது. முதல் வருடம் நோன்பு வந்தபோது உம்மா கஞ்சி காய்ச்சினார். தேங்காய்ப்பால், வெந்தயம், உள்ளி, ரம்பை, இறைச்சி எல்லாம் போட்ட கஞ்சி. அதற்கு முன்னர் ஒரு சின்னச் சட்டியில் இறைச்சி போடாமல் கொஞ்சம் தனியாகக் காய்ச்சினார். அதை என்னிடம் தந்து முன்வீட்டில் கொடுக்கச் சொன்னார். பேசாதவர் சட்டியைத்தான் அனுப்பினார். அடுத்த ஆடியில் அந்தச் சட்டி நிறையக் கூழ் வந்தது. அதற்குப் பிறகு அந்தச் சட்டி எந்த வீட்டுக்குச் சொந்தம் என்பதே மறந்துபோய்விட்டது.

2014இல் ஆடிப்பிறப்பு நோன்பு மாதத்துக்குள் வந்தது. ஹிஜ்ரி வருடம் பதினொரு நாள் அளவில் முன்னுக்கு நகர்ந்துகொண்டே வருவதால் எப்போதாவது இரண்டும் இப்படிச் சந்திக்கும். அன்று பகல் முழுவதும் ஆச்சி கூழைக் கொண்டுவரவில்லை. மறந்துவிட்டாரோ என்று நினைத்தோம். மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் படலையடியில் சட்டியுடன் நின்றார். தன் பேரப்பிள்ளைகள் காலையிலேயே குடித்து முடித்துவிட்டார்கள் என்றும், எங்களுக்காக எடுத்து வைத்ததைத் திரும்பச் சுடவைத்துக் கொண்டு வந்ததாகவும் சொன்னார். அன்று பேரீச்சம்பழத்துக்குப் பிறகு நாங்கள் குடித்தது கூழ்.

புலவரின் வேறொரு பாட்டையும் சொல்லாமல் விட முடியாது. பவளக்கொடி என்ற பெண் பாற்குடத்துடன் சந்தைக்குப் போகிறாள். போகும் வழியில் கணக்குப் போடுகிறாள். பாலை விற்று முட்டை, முட்டை பொரித்துக் கோழி, கோழி விற்று நல்ல சேலை. அந்தச் சேலையுடன் போனால் மற்றவர்கள் எப்படிப் பார்ப்பார்கள், தான் எப்படித் தலையை ஆட்டிக்கொண்டு போவாள் என்று நினைத்துத் தலையை ஆட்டுகிறாள். குடம் விழுகிறது.

இந்தக் கதை உலகத்தில் மிகப் பழைய பிரயாணி. பஞ்சதந்திரத்தில் மாப்பானையை வைத்துக் கனவு காணும் பிராமணனாக வருகிறது. அங்கிருந்து பாரசீகத்துக்குப் போய், எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பா அரபியில் தந்த கலீலா வ திம்னாவுக்குள் நுழைந்தது. அங்கே தலைக்கு மேல் நெய்யும் தேனும் உள்ள ஜாடியைத் தொங்கவிட்டிருக்கும் ஒரு துறவி, பிறக்காத மகனை அடிக்கக் கம்பை ஓங்கி ஜாடியை உடைக்கிறார். 1678இல் பிரான்சில் லா ஃபொந்தேன் எழுதியபோது தலையில் பாற்குடம் வைத்த பெண்ணாக ஆகிவிட்டது. பிறகு நவாலிக்கு வந்து பவளக்கொடி என்ற பெயரும் ஒரு சந்தையும் பெற்றது. துறைமுக ஊர்க்காரர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. சீனக்குடா மாவாலைக்குக் கோதுமைக் கப்பல் வருவதை நாம் பார்க்கிறோம். எங்கோ விளைந்தது இங்கே நம் வீட்டில் ரொட்டியாகிறது. கதையும் அப்படித்தான் வந்திருக்கிறது. அரபுப் பாடத்தில் கலீலா வ திம்னாவின் பெயரைக் கேட்கிற மாணவியர், தங்கள் தமிழ்ப் பாட்டுக்குள் அதன் பேத்தி ஒருத்தி இருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

பாட்டின் முடிவில் ஒரு புத்திமதி உண்டு. கைக்கு வராததைக் கணக்குப் பார்க்காதே என்ற பொருளில். இங்கே மட்டும் எனக்குப் புலவருடன் சிறு பிணக்கு. நான் பவளக்கொடியின் பக்கம். விடியற்காலையில் எழும்பிப் பால் கறக்கிறவளுக்குக் கோழியும் சேலையும் கண்ணில் தெரியாவிட்டால் அவள் ஏன் எழும்ப வேண்டும்? கந்தளாயில் அந்த வகுப்பறைக்குள் உம்மா இரவில் இதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் போனால் முதலில் கோழிக்கூடு திருத்துவது, முட்டை விற்ற காசில் தையல் இயந்திரத்துக்கு முற்பணம், தைத்த காசில் எனக்குப் பாடசாலைச் சீருடை. எங்களுடைய குடம் ஏற்கெனவே விழுந்துவிட்டது, அதற்குப் பிறகுதான் அவர் கணக்குப் போட்டார். தையல் இயந்திரம் வந்தது. வருவதற்கு மூன்று வருடம் சென்றது, அவ்வளவுதான்.

புலவர் பிள்ளைகளுக்கு மட்டும் எழுதவில்லை, ஊருக்கும் எழுதினார். பனையின் பயன்களைச் சொல்லித் தாலவிலாசம் பாடினார். ஈழத்தின் வளங்களை இலங்கை வளம் என்று பாடினார். உயிரிளங்குமரன் என்று ஒரு நாடகம் செய்தார். சுகாதாரக் கும்மி என்றும் ஒன்று உண்டு. சுகாதாரத்தைப் பெண்கள் கும்மியடிக்கும் மெட்டில் சொன்னால்தான் அது வீட்டுக்குள் போகும் என்று அந்த ஆசிரியருக்குத் தெரிந்திருக்கிறது. அவருடைய மகன் சோ. இளமுருகனாரும் பெயர்பெற்ற பண்டிதர், புலவர். இளமுருகனார் பாடிய ஈழத்துச் சிதம்பர புராணத்துக்கு உரை எழுதியவர் அவருடைய மனைவி பரமேசுவரியார். கணவர் எழுதிய காவியத்துக்கு உரை சொல்லும் அளவுக்குப் படித்த மருமகள் அந்த வீட்டில் இருந்தார் என்பதை நம் மாணவியர் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

இப்போது என் மகளிடம் வருகிறேன். அவள் தரம் மூன்றில் படிக்கிறாள். வாசிக்கும்போது சொல் தடைப்படும். முதல் எழுத்திலேயே நின்று திரும்பத் திரும்ப அதையே சொல்வாள். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னபோது பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். பிள்ளைகள் சிரிப்பது இயல்பு. ஆனால் அங்கே நின்ற பெரியவரும் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அவளுக்குக் காலையில் வயிற்றுவலி. எந்தப் பாடசாலை, யார் என்பது இங்கே தேவையில்லை. நான் எழுதுவது முறைப்பாடு அல்ல.

நான் செய்தது பெரிய வைத்தியம் ஒன்றுமில்லை. ஆச்சியின் தகரப் பெட்டிக்குள் அட்டை போன ஒரு பழைய சிறுவர் செந்தமிழ் இருந்தது. அவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த புத்தகம். ஓரங்களைக் கரையான் தின்றிருந்தது. அதை வாங்கிவந்து இரவில் மகளுடன் சேர்ந்து வெருளிப் பாட்டைச் சொல்லத் தொடங்கினேன். நான் தனியாக வாசித்து அவளைத் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை. இருவரும் ஒரே நேரத்தில், தொடையில் தாளம் தட்டிக்கொண்டு. தாளத்துடன் சேர்ந்து சொல்லும்போது அவளுக்குத் தடை வரவில்லை. முதல் நாள் அவளே அதைக் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன், சொல்லாமல் இருந்தேன். நாலாம் நாள் அவளே கண்டுபிடித்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தட்டுவதை நான் நிறுத்தினேன், அவள் நிறுத்தவில்லை.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். வசனம் வாசிக்கும்போது அவளுக்கு இன்னும் தடைப்படுகிறது. ஒரு பாட்டு எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய். வைத்தியசாலையில் பேச்சுப் பயிற்சிக்கும் கூட்டிப் போகிறோம், அங்கே சொல்வதையும் செய்கிறோம். ஆனால் காலை வயிற்றுவலி குறைந்துவிட்டது. வெருளிப் பாட்டை வகுப்பில் சொல்ல அவளே கை உயர்த்தியிருக்கிறாள். முழுவதையும் சொல்லி முடித்தாளாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது மூன்று இடத்தில் தடைப்பட்டாள், அதைப் பற்றி அவளுக்குக் கவலையே இருக்கவில்லை.

சோமசுந்தரப் புலவர் 1953ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் திகதி காலமானார். வயது எழுபத்தைந்து. ஆடிப்பிறப்புக்கு ஒரு வாரம் இருந்தது. அவர் பிள்ளைகளுக்குப் பாடியவற்றைத் தொகுத்துச் சிறுவர் செந்தமிழ் என்ற நூலாக வெளியிட்டது 1955இல், அவர் போன பிறகு. அந்த நூலை அவர் கையில் எடுத்துப் பார்க்கவில்லை என்பது எனக்கு எப்போதும் ஒரு குறை. நவாலி என்ற பெயரை என் தலைமுறைக்கு முந்தியவர்கள் வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். 1995 ஜூலை 9ஆம் திகதி, அங்குள்ள தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த இடம்பெயர்ந்த மக்கள் மேல் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். புலவரின் நினைவு நாளுக்கு முதல் நாள். அந்த இரண்டையும் அறிந்த பிறகுதான், மூதூரில் இருந்து நடந்து வந்த எங்களைப் போல அந்த ஊரிலும் பிள்ளைகள் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. அவர்களுக்கும் யாரோ ஒரு ஆசிரியை, புத்தகம் இல்லாமல், வெருளியைப் பற்றிச் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

போன ஆடியில் ஆச்சிக்கு முழங்கால் வருத்தம். இடிக்கவும் வறுக்கவும் முடியாது, இந்த வருடம் கூழ் இல்லை என்று சொல்லிவிட்டார். என் மகள் அதைக் கேட்டுக்கொண்டு போய்ப் பாட்டை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து, முதலில் அரிசி ஊறவைக்க வேண்டும் என்றாள். ஆச்சி கதிரையில் இருந்தபடி எங்கள் குசினிக்குள் மாவின் நிறத்தைப் பார்த்துக் கட்டளை போட்டார். உம்மா வறுத்தார், நான் தேங்காய் கீறினேன். பனங்கட்டி கடையில் கிடைக்கவில்லை, கித்துல் கருப்பட்டி போட்டோம். ஆச்சிக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை. மகள் ஒழுங்கை முனையில் உள்ள பலா மரத்தடியில் இலை பொறுக்கிக்கொண்டு வந்தாள். ஈர்க்குக் குத்திக் கோலுவதற்கு ஆச்சிதான் காட்டிக் கொடுத்தார். அவளுடைய முதல் இரண்டு இலையும் ஒழுகின. மூன்றாவது கொஞ்சம் நின்றது. அதை ஆச்சியிடம் கொடுத்துவிட்டு, ஒழுகுவதற்கு முதல் கெதியாகக் குடிக்கச் சொன்னாள்.